துண்டு போடாத சந்தை

புதன் இரவு, மஸ்கட்

மஸ்கட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஆடு என்றால் எனக்குத் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, எந்த நாட்டுக் கறி என்று சீட்டு ஒட்டிய ஒரு பொருள்தான். ஆஸ்திரேலியா ஒரு விலை, இந்தியா ஒரு விலை, ஒமான் ஆடு என்றால் அதற்கும் மேலே. உயிரோடு ஒரு ஆட்டைத் தொட்டுப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தால், போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் குட்டி என் செருப்பைக் கடித்ததுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில். சனிக்கிழமை ஆட்டுச்சந்தை என்றால் தூத்துக்குடி மாவட்டத்தில் தெரியாதவர்கள் குறைவு. அப்பாவிடம் ஒரு காலத்தில் நாற்பது உருப்படிக்கு மேல் கன்னி ஆடு இருந்தது. கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. அந்தப் பட்டியை விற்றுத்தான் என்னை இங்கே அனுப்பினார்.

இதை ஒருநாள் பேச்சுவாக்கில் பாயிடம் சொல்லிவிட்டேன். பாய் கீழக்கரைக்காரர், இருபத்தாறு வருடமாக இங்கே இருப்பவர், ரூவியில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. "ஆடு மேய்ச்ச குடும்பம்ங்கிற, நிஸ்வா வெள்ளிக்கிழமைச் சந்தையப் பாக்கலைங்கிற. வெளிய சொல்லாத தம்பி" என்றார். ஒமானின் உள்பகுதியில், மலையடியில் இருக்கும் பழைய ஊர் நிஸ்வா. போயிருக்கிறேன், இரண்டு தடவை. இரண்டு தடவையும் வெயிலேறி பதினொரு மணிக்குப் போய்க் கோட்டையைப் பார்த்தேன். சந்தை நடந்த இடத்தில் புழுக்கைதான் கிடந்தது.

நாளை வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாயின் திட்டப்படி முதலில் சினாவ், அப்புறம் நிஸ்வா, சனிக்கிழமை திரும்புகிறோம். ஜனவரி மாதம் என்பதால் ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். ஒமானில் ஸ்வெட்டரா என்று ஊரில் கேட்பார்கள்.

முதல் நாள், வியாழன், சினாவ்

அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். பித்பித் வரை நிஸ்வா சாலை, அங்கிருந்து கிழக்கே பிரிந்து ஷர்கியா பக்கம். மலை குறையக் குறைய மண்ணின் நிறம் மாறியது. சினாவ் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர். மணற்காட்டுக்குள் இருக்கும் பதூக்கள், அதாவது நாடோடி மேய்ச்சல்காரர்கள், வாரத்துக்கு ஒருமுறை சாமான் வாங்க, கால்நடை விற்க வந்து சேரும் இடம். வியாழக்கிழமைதான் சந்தை நாள்.

முதலில் வந்தது வாசனை. ஆட்டு வாசனை இல்லை, கருவாட்டு வாசனை! கால்நடைச் சந்தையில் கருவாடு எதற்கு என்று திகைத்தால், சாக்குச் சாக்காகக் காய்ந்த மத்தி. ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீவனமாம். கடற்கரையில் காயவைத்து இவ்வளவு தூரம் உள்ளே கொண்டுவருகிறார்கள். வேம்பாரில் இருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் கருவாட்டுக்கூடையை நினைத்துக்கொண்டேன். அதை நாங்கள் எந்த மாட்டுக்கும் கொடுத்ததில்லை.

சந்தை என்றால் திறந்த மைதானம்தான். பிக்கப் வண்டிகள் பின்பக்கத்தைக் காட்டி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கம்பியிலும் நாலு ஆடு, ஆறு ஆடு. பக்கத்தில் பச்சைப் பசேல் என்று குதிரைமசால் கட்டு. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, ஆட்டை இறக்கி, விலை பேசி விற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். முகத்தில் மூக்குத்தண்டு மேல் விறைப்பாக நிற்கும் முகமூடி, அதற்குள் கண்கள் மட்டும். குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் பெண்கள் இட்லி விற்பார்கள், பருத்திப்பால் விற்பார்கள், ஆடு பிடித்துக்கொண்டு வரவும் செய்வார்கள். விலை பேசும் நேரம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு ஆம்பிளை வந்து முன்னால் நின்றுகொள்வார்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு ஒட்டகத்தைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கால்களை மடக்கிக் கட்டி, உட்கார்ந்த நிலையிலேயே நாலைந்து பேர் தள்ளுகிறார்கள். அது தன் நீளக் கழுத்தைத் திருப்பி ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திட்டுகிறது. சிரிப்புத் தாங்காமல் போனை எடுத்துப் படம் பிடித்தேன். பின்னால் நின்ற ஒரு பெண்மணியும் படத்துக்குள் விழுந்துவிட்டார். கையிலிருந்த கம்போடு நேரே என்னிடம் வந்தார். என்ன சொன்னார் என்று புரியவில்லை, என்ன சொல்கிறார் என்பது நன்றாகப் புரிந்தது. பாய் குறுக்கே வந்து மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே படத்தை அழிக்கவைத்தார். "ஒட்டகத்தைக் கேக்காம எடு, மனுஷியக் கேக்காம எடுக்காத" என்று எனக்குத் தனியாகப் பாட்டு விழுந்தது. அதற்கப்புறம் போன் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. அதனால்தான் இன்றைய பதிவில் படம் இல்லை.

விலை பேசுவதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். வாங்குபவர் விற்பவரின் வலது கையைப் பிடித்துக் குலுக்குகிறார், பிடித்த கையை விடுவதில்லை. இவர் ஒரு விலை, அவர் ஒரு விலை. ஒருவர் கையை உருவப் பார்க்க, மற்றவர் இறுக்கிப் பிடிக்க, சுற்றி நிற்பவர்கள் "கொடுத்துவிடு, கொடுத்துவிடு" என்று இருவருக்கும் புத்தி சொல்கிறார்கள். எல்லாம் காது கேட்கப் பேச்சு. பக்கத்தில் நிற்கும் எனக்கே 70, 72, 75 என்று தெரிகிறது. ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கு மேல் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் மனசு தானாகப் பெருக்கிக்கொண்டது. பதினொரு வருடமாகியும் அந்த வியாதி போகவில்லை.

என் கண் அவர்கள் கைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதை என்று தெரிந்தது. துண்டு! எங்கள் பக்கம் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல், எதை மடக்கினார், எதை அழுத்தினார் என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. மாட்டுக்குத்தான் அந்த வழக்கம் அதிகம். ஆனால் பட்டியோடு மொத்தமாக ஆடு கைமாறும்போது எங்கள் ஊர்த் தரகர்களும் துண்டை எடுத்துவிடுவார்கள். அப்பா பட்டியை விற்ற அன்று நானும் கூடவே நின்றேன். மேலே துண்டு அசைந்ததைப் பார்த்தேன். அப்பா முகத்தையும் தரகர் முகத்தையும் பார்த்தேன். என்ன விலைக்குப் போனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. துண்டு என்பது தரகர்கள் இரண்டு பக்கமும் சாப்பிடக் கண்டுபிடித்த வித்தை என்பதுதான் அன்றிலிருந்து என் கட்சி.

மதியத்துக்குள் சந்தை கலைந்தது. சாயங்காலம் நிஸ்வா வந்து அறை எடுத்தோம். நாளை காலை ஆறு மணிக்கே எழுப்புவேன் என்று பாய் மிரட்டியிருக்கிறார்.

இரண்டாம் நாள், வெள்ளி, நிஸ்வா

ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார். நல்ல குளிர். கோட்டையின் பெரிய வட்டக் கோபுரம் இருட்டில் ஒரு ராட்சத உரல் கவிழ்த்து வைத்த மாதிரி நின்றது. அதன் பக்கத்திலேயே சூக், அதாவது கடைத்தெரு. அதை ஒட்டி ஆட்டுச்சந்தை. வண்டி நிறுத்தும் இடம் பள்ளத்தில், காய்ந்த ஆற்றுப்படுகை ஓரம். அங்கிருந்தே ஆடுகளை மேலே நடத்திக்கொண்டு போகிறார்கள். சிலர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பெரியவர் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் காபிக் குடுவையோடு போனார்.

சந்தையின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். நடுவில் கூரை போட்ட வட்ட மேடை. அதைச் சுற்றி நடைபாதை மாதிரி ஒரு வளையம். அதற்கு வெளியே இன்னொரு வட்டத்தில் திண்ணை மாதிரி உட்காரவும் நிற்கவும் இடம். வாங்குபவர்கள் நடு மேடையிலும் வெளி வட்டத்திலும். நடுவில் உள்ள வளையத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு விற்பவர்கள் சுற்றுகிறார்கள். சுற்றுகிறார்கள் என்றால் நிற்காமல், கோயில் பிரகாரம் மாதிரி. ஒரே சமயத்தில் முப்பது, நாற்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒன்றோ இரண்டோ ஆடு. நடந்துகொண்டே கடைசியாக யார் என்ன விலை கேட்டார்களோ அந்த எண்ணைக் கத்திக்கொண்டே போகிறார்கள். "ஸித்தீன்! ஸித்தீன்!" என்றால் 60. உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி நிறுத்துவார். பல்லைப் பார்ப்பார், முதுகுத்தண்டைத் தடவுவார், பெட்டை என்றால் மடியைப் பிடித்துப் பார்ப்பார். கூட இரண்டு ரியால் சொல்லி அனுப்புவார். அடுத்த நொடியிலிருந்து அந்த ஆடு 62. அப்படியே அடுத்த சுற்று. மேலே யாரும் கேட்காத இடத்தில், விற்பவருக்குச் சம்மதம் என்றால், கடைசியாகக் கேட்டவர் கையில் கயிறு போய்விடும்.

சொந்தமாகக் கத்தத் தொண்டை இல்லாதவர்களுக்குத் தல்லால் இருக்கிறார். நம் தரகர்தான். ஆனால் வேலை நேர் எதிர். நம்மவர் விலையை மூடுவார், இவர் விலையைக் கத்துவார். அதற்குத்தான் கூலி.

முதல் கால் மணி நேரம் எனக்குத் தலை சுற்றியது. நாற்பது விலை ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த எண் எந்த ஆட்டுக்கு என்று பிடிபடவே இல்லை. பாய் ஒரு வழி சொன்னார்: "எல்லாத்தையும் பாக்காத. ஒரு ஆட்டைப் புடி, அதையே சுத்திச் சுத்திப் பாரு." அப்படியே செய்தேன். முடி நீளமான, காபிக்கொட்டை நிறக் கிடா ஒன்று. ஜபல் அக்தர் மலை ஆடு. நிஸ்வாவுக்கு மேலே தெரியும் அந்த மலையின் இனம். உருவமும் பெரிது, விலையும் பெரிது. 90இல் ஆரம்பித்து நாலு சுற்றில் 104 ஆனது. ஐந்தாவது சுற்றில் வரவில்லை. எங்கே என்று எட்டிப் பார்த்தால், ஒரு பையன் கொம்பைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். 110க்குப் போனதாம்.

உள்ளூர் ஆட்டுக்குத்தான் இந்த மதிப்பு. கப்பலில் வரும் சோமாலியா ஆடுகள் தனியாகத் தெரிந்தன. விலையும் பாதிக்குக் கிட்டத்தான். பெருநாள் அன்று இங்கே ஷுவா செய்வார்கள். கறியை மசாலா தடவி, ஓலைப் பையில் கட்டி, ஊர்ப் பொதுக் குழியில் நெருப்பின் மேல் இறக்கி, மண்ணால் மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு எடுப்பார்கள். அதற்கு வெளிநாட்டு ஆட்டைப் போட்டால் வீட்டில் மரியாதை இருக்காதாம். பெருநாளுக்கு முந்தின நாட்களில் கூடும் சந்தைக்கு ஹப்தா என்று தனிப்பெயர். "இதெல்லாம் கூட்டமே இல்ல. ஹப்தா அன்னிக்கு வந்து பாரு, ஆடு உன்னை வாங்கிட்டுப் போயிரும்" என்றார் பாய்.

ஏழரை மணி வாக்கில் ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத் தாடி, தலையில் முண்டாசு, இடுப்பில் வெள்ளிப்பிடி கஞ்சர், அதாவது வளைந்த குத்துவாள். கையில் ஒரு ஆட்டின் கயிறு. யாரையோ பார்த்துவிட்டு எழுந்தவர், கயிற்றை என் கையில் கொடுத்து "ஒரு நிமிஷம்" என்று விரலால் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஆட்டோடு நின்றேன். அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் மூன்று பேர் என்னிடம் வந்து "கம்?" என்று விலை கேட்டார்கள். கூலியாள் என்று நினைத்திருப்பார்கள். கையை விரித்துக் காட்டினேன். நாலாவது ஆள் வரும்போது எனக்கே விலை சொல்லிவிடலாம் போல இருந்தது.

கயிறு கையில் இருந்தால் கை சும்மா இருக்காது. எனக்கே தெரியாமல் குனிந்து, இடது கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் கீழ் உதட்டை இறக்கிப் பார்த்திருக்கிறேன். நாலு பல். பால் பல் போய் முளைத்த பெரிய பல் நாலு. அப்படியென்றால் இரண்டு வயதுக் கணக்கு. அப்புறம் முதுகு, தொடை. நிமிர்ந்தால் பெரியவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ராயி?" என்றார். மேய்ப்பனா என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த அரபியில் "என் அப்பா" என்றேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையே வேறு. பேரீச்சம்பழம் வந்தது, காபி வந்தது. ஏலக்காய் தூக்கலாக, சர்க்கரை இல்லாத காபி. சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் காட்டிக் கொடுக்க வேண்டும். அது தெரிந்திருந்தும் ஐந்து கிண்ணம் குடித்தேன், குளிர் அப்படி. பெரியவர் சின்ன வயதில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சான்சிபார் தீவில் இருந்தவராம். ஸ்வாஹிலி பேசுவார். மஸ்கட்டில் கடை வைத்திருந்த காலத்தில் கற்ற இந்தியும் கொஞ்சம். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஏறக்குறைய ஒரே வகுப்பு என்பதால் பேச்சு நன்றாக ஓடியது.

உங்கள் ஊரில் எப்படி விற்பீர்கள் என்று கேட்டார். வாயால் சொன்னால் சரிவராது என்று பாயின் மப்ளரை வாங்கி, பெரியவர் கைமேல் போட்டு, உள்ளே அவர் விரல்களைப் பிடித்துக் காட்டினேன். ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒரு அழுத்து, மூன்று விரலைச் சேர்த்து ஒரு பிடி. பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "மூடி வைத்தால் அடுத்த ஆள் எப்படிக் கூடக் கேட்பான்?"

என் கட்சியே அதுதானே. பதினொரு வருடமாக மனசில் இருந்ததை நிஸ்வாக்காரர் ஒரு வரியில் கேட்டுவிட்டார். "அதேதான், அதேதான்" என்று தலையாட்டினேன்.

அதோடு முடித்துக்கொண்டு போயிருக்கலாம். எட்டு மணிக்கு மேல் ஒரு பையன் வளையத்துக்குள் வந்தான். பதினைந்து, பதினாறு வயது இருக்கும். ஒரு கிழட்டுப் பெட்டை. பல் தேய்ந்திருக்கும் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். "அர்பயீன்" என்று ஆரம்பித்தான், 40. முதல் சுற்றில் ஒருவர் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது சுற்றில் யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் அவன் குரல் இறங்கிவிட்டது. எண்ணும் இறங்கியது, 35. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு சுற்று எண்ணினேன். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது அவன் தரையையே பார்த்தான். கடைசியில் கத்துவதையே விட்டுவிட்டுச் சும்மா நடந்தான். அப்புறம் ஆட்டோடு வெளியே போய்விட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவில்லை. அதுவரை சரி. ஆனால் அந்தச் சந்தையில் இருந்த எல்லாருக்கும் அவன் ஆட்டுக்கு 35 கூட இல்லை என்பது தெரியும்.

அப்பா பட்டியை விற்றது பங்குனி கடைசியில். புல் கிடையாது, தீவனம் கிடையாது. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட நாலு நாள்தான் இருந்தது. அவசரத்துக்கு விற்கிறார் என்பது சந்தை முழுக்கத் தெரியும். அந்த நிலைமையில் அவரை இந்த வளையத்துக்குள் விட்டு நாற்பது ஆட்டோடு சுற்றச் சொல்லியிருந்தால்? துண்டு இருந்தது. என்ன விலைக்கு இறங்கினார் என்பது தரகருக்கும் வாங்கியவருக்கும்தான் தெரியும். மறுநாள் டீக்கடையில் போய் உட்கார முடிந்தது.

இதைப் பெரியவரிடம் சொல்ல என் இந்தி போதவில்லை. பாயிடம் சொன்னேன். "ரெண்டும் இருக்குப்பா. தரகனும் திம்பான், மானமும் தப்பும்" என்றார்.

அதற்குள் மாடுகள் வந்துவிட்டன. ஆடு முடிந்ததும் மாட்டு ஏலம். சின்ன உருவம், சின்னத் திமில். ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வளையத்தில் எதிர்த்திசையில் ஓட, வெளி வட்டத்தில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கேமராவோடு மேடைமேல் ஏறினார்கள். உள்ளூர்க்காரர்கள் காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான், யாருக்கும் அடி இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வளையம் காலி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே. தண்ணீர்க் குழாயோடு ஒருவர் வந்து கழுவ ஆரம்பித்தார். இத்தனை நாளாக நான் பார்த்த நிஸ்வா இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சூக்கில் அல்வா வாங்கினேன், குங்குமப்பூ போட்டது. வெள்ளிக் கடையில் மரியா தெரசா படம் போட்ட பழைய தாலர் காசுகள் தட்டில் கிடந்தன. 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. மஸ்கட்டில் அது 1970 வரை புழங்கியது. மலைக்கு இந்தப் பக்கமோ ஆஸ்திரிய ராணியின் வெள்ளிக்காசுதான் ராஜா. அதை உருக்கித்தான் கஞ்சர்ப் பிடிகளும் நகைகளும் செய்தார்களாம். ஆட்டு விலையும் ஒரு காலத்தில் இந்தத் தட்டில் கிடக்கும் காசில்தான் கத்தப்பட்டிருக்கும். பெரியவரைக் கேட்டிருக்கலாம். விட்டுவிட்டேன்.

கோட்டைக்குள் இந்தத் தடவை போகவில்லை. போர்த்துகீசியரை 1650இல் மஸ்கட்டிலிருந்து விரட்டிய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது, கட்டி முடிக்கப் பன்னிரண்டு வருடம் ஆனதாம். பாய்க்கு ஜும்ஆ, எனக்குத் தூக்கம்.

மூன்றாம் நாள், சனி, பலஜ் தாரிஸ்

இன்று எழுத அதிகம் இல்லை. காலையில் பலஜ் தாரிஸ் போனோம். பலஜ் என்றால் வாய்க்கால். மலையடியில் நிலத்துக்குள் இருக்கும் ஊற்றைப் பிடித்து, சுரங்கமாகக் கொண்டுவந்து, சரிவை வைத்தே ஊருக்குள் ஓடவிடுவார்கள். மோட்டார் கிடையாது. 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக எடுத்துக்கொண்ட ஐந்து பலஜ்களில் இது ஒன்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி. காலை விட்டால் சின்ன மீன்கள் வந்து கடிக்கின்றன.

வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தபோது பாய் சொன்னதுதான் இன்றைய விஷயம். பலஜ் தண்ணீரை நேரமாகப் பிரித்திருப்பார்கள். அரை மணிக்கு ஒரு அதர். வாரிசு வழியாக இன்னாருக்கு இத்தனை அதர் என்று கணக்கு. பகலில் வெயில் கடிகாரம் மாதிரி ஒரு குச்சி நட்டு, நிழலைப் பார்த்து மடை மாற்றுவார்கள். சில ஊரில் அது இன்றும் உண்டு. பலஜுக்கென்றே ஒதுக்கிய பங்கு இருக்கும். அதை ஏலம் விட்டு, வந்த பணத்தில் வாய்க்கால் தூர் வாருவார்கள். ஏலம் எப்படி? ஆடு மாதிரியேதான், எல்லார் முன்னாலும் வாய்விட்டு. எங்கள் ஊர்க் கண்மாயில் மடைக்கு நீர்பாய்ச்சி இருந்தார், முறை இருந்தது, சண்டையும் இருந்தது. தண்ணீரைக் கூறு போட்டு ஏலம் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மதியம் பஹ்லாவில் ஒரு மண்கூஜா வாங்கினேன். வண்டி ஆடினால் உடைந்துவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இஸ்கி தாண்டும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்று நாள் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆடு என்ன விலைடா போகுது?" என்றாள்.

110 என்று சொல்லி ரூபாயிலும் சொன்னேன்.

"இருபத்திநாலாயிரமா! நம்ம சந்தையில அதுக்கு ரெண்டு கிடா புடிச்சுட்டு வந்துரலாமே."

அப்போதுதான் கேட்டேன். அப்பா அன்றைக்குப் பட்டியை என்ன விலைக்கு விட்டார்?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வண்டிச் சத்தத்தில் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"யாருக்குத் தெரியும். உங்கப்பா வீட்டுக்கு வந்ததும் கயிறெல்லாம் எண்ணிப் பரண்ல வச்சாரு. நானும் கேக்கல, அவரும் சொல்லல."

பாய் ரேடியோவைக் குறைத்தார்.

"அது கெடக்கட்டும்" என்றாள் அம்மா. "உன் கையில குடுத்தாரே அந்தத் தாடிக்காரரு, அந்த ஆடு ரெண்டு பல்லா, நாலு பல்லா?"

"நாலு பல்லும்மா."

"பெட்டையா?"

"பெட்டைதான்."

"அப்ப விக்கமாட்டாரு, சும்மா விலை கேக்கக் கொண்டாந்திருப்பாரு" என்றாள்.